அந்தக் கோப்பை வேறொருவர் திறந்திருக்கிறார்

கணினி திருத்தும் இளைஞர்களே, உங்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். வைரஸ் பிடித்த கணினி கடைக்கு வந்தால், கொண்டுவந்தவருக்கு ஊற்றிய தேநீர் ஆறும்வரைகூட உங்களுக்குப் பொறுமை இல்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்ருவோம்" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். வேகம் நல்லதுதான், நானும் வேகக்காரனாக இருந்தவன்தான். ஆனால் அழிப்பதற்கு முன் எதையாவது நகர்த்தும்போது ஒரு கோப்பு மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், அதைப் பலவந்தமாகப் பறிக்காதீர்கள். ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பாருங்கள். ஓய்வுபெற்றவன் உபதேசம் செய்கிறான் என்று சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்த வருடங்கள் அவை. கண்டியில் குண்டுச் சத்தம் இல்லை, மலைகள் எப்போதும்போல் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் என்று சொல்லும்போதே எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி. எங்களோடு தொழில் செய்த ஒருவர், வாடிக்கையாளர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தார். சாவடியில் இறக்கி, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாது சேர்" என்றார். அது உண்மைதான், அடுத்தவர் கோப்பை நாங்கள் திறந்து பார்ப்பதில்லையே. ஆனால் அந்தக் காலத்தில் அதைவிட மோசமான பதில் வேறு இல்லை. பொலிஸ் நிலையத்தில் உட்காரவைத்து, அந்த டிஸ்க்கில் இருந்த கல்யாண வீடியோ முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். "பொண்ணு வீட்டாளுங்க மொகமெல்லாம் இப்ப எனக்குப் பாடம்" என்று வந்து சிரித்தார்.

அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வேலை வாடிக்கையாளர் வீட்டில்தான் நடக்கும். வீட்டில் இருக்கும் எதையும் வெளியே கொண்டுவருவதில்லை. போகும்போதும் வரும்போதும் பையில் எங்கள் கருவிகளும் சுத்தம் செய்யும் சீடிக்களும் மட்டும்தான்.

அந்த நாட்களில்தான் வத்தேகமப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிப் பள்ளிக்கூடங்களில் காலத்தைக் கழித்தவர். கணவர் இல்லை, மகள் கனடாவில். மகன் சேந்தன் கட்டட வரைபடம் போடுகிறவன். ஒரு காலை வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய நண்பன் ஒருவனை ஏற்கெனவே வான் ஒன்றில் ஏற்றிப் போயிருந்தார்கள். டீச்சர் வாரம் தவறாமல் டவுனுக்கு வந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மகனைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீடு சரிவில் இருந்தது. கீழே பக்கத்து வீட்டுக் கூரை, அதற்கும் கீழே பனிமூட்டம். சேந்தனின் அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்திருந்தார். அலுமாரிக் கதவில் தொங்கிய சேர்ட்டைக்கூட எடுக்கவில்லை. கணினியின் முன்னால் இருந்த கதிரையில் என்னை உட்கார விடாமல், சாப்பாட்டு அறையிலிருந்து வேறொரு கதிரையை இழுத்து வந்து போட்டார்.

"மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை, தம்பி. அவன்ர படங்களும், அவன் பதிஞ்ச என்ர தேவாரமும் போகக்கூடாது."

கனடாவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவதற்காக, அம்மா பாடிய தேவாரத்தை ஒரு சின்ன மைக் வைத்து அவன் பதிந்திருந்தான். பாட்டு முடிந்தபின் அவன் குரல் வருகிறது. "நல்லாயிருக்கு அம்மா, இன்னொருக்காப் பாடுங்கோ." அவ்வளவுதான். அவனுடைய குரல் அந்த வீட்டில் வேறெங்கும் இல்லை. அந்தக் கோப்பு கெட்டுப்போனால் அந்தக் குரலும் போய்விடும் என்பது டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வைரஸைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். புறப்படும்போது டீச்சர் வாசலில் தயங்கி நின்றார்.

"இன்னொண்டு. பின்னேரத்தில நான் சாமி விளக்கு வைக்கிற நேரம், இந்தப் பெட்டியில சிவப்பு லைற் தன்பாட்டில சிமிட்டுது. அவன் விட்டபடி ஓடட்டும் எண்டு நான் அணைக்கிறதில்லை, தொடுறதும் இல்லை."

"அது வைரஸ் வேலைங்க டீச்சர். இனிமே சிமிட்டாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சில நாட்களில் மறுபடி அழைப்பு. "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. திரும்பவும் வந்திட்டுது." குரலில் குற்றச்சாட்டு இல்லை, பயம்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் நான் துடைத்த அதே வைரஸ், துடைத்த அதே இடங்களில். டீச்சர் புதிதாக எதையும் செருகவில்லை, இணையத்துக்கும் போகவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, வேண்டியதை மகள் அனுப்பிய வெளி டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். நீங்கள் செய்வதுதான்.

படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பள்ளிக்கூடச் சீருடையில் சேந்தன், பெரஹெரா ஊர்வலக் கூட்டத்தில் சேந்தன், பக்கத்து வீட்டுப் பையன் தோளில் கைபோட்ட சேந்தன். தேவாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. நகர்த்த முடியாது, இந்தக் கோப்பை வேறொருவரோ வேறொரு நிரலோ பயன்படுத்துகிறது என்று திரையில் செய்தி. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். மறுபடி முயன்றேன், மறுபடி அதே செய்தி. பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

நேரத்தைப் பார்த்தேன். சாமி அறையில் டீச்சர் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை யாரோ எங்கேயோ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வலைப்பின்னல் வழியாக இந்தக் கணினிக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டும் இடம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. திறந்திருக்கும் கோப்பு தேவாரம். திறந்திருப்பவர் பெயர் சேந்தன்.

டீச்சர் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கையில் விபூதித் தட்டு.

"அது... அவன்ர பேரெல்லோ, தம்பி."

நான் பதில் சொல்வதற்குள் கீழே தெருவில் ஒரு வாகனம் நின்றது. இரண்டு பேர் படியேறி வந்தார்கள். சாதாரண உடை, ஆனால் நடையிலேயே புலனாய்வுக்காரர்கள் என்று தெரிந்தது. டீச்சர் வீட்டுக்கு அவர்கள் வருவது முதல் தடவை அல்ல. மகன் தொலைபேசியில் பேசினானா, கடிதம் போட்டானா என்று கேட்பதற்காக வருவார்களாம். அவனைத் தேடுகிறோம் என்பார்களாம். யார் கொண்டுபோனார்கள் என்று தேடுகிறார்களா, அவனையே தேடுகிறார்களா என்பதை அவர்கள் முகத்தில் படிக்க முடியாது.

அந்த வரி திரையில் அப்படியே இருக்கிறது. பெட்டியை நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்பார்கள். அந்தச் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு, வைரஸ் தேடும் நிரலை முழுத் திரைக்கு விரித்தேன். சிவப்பு வரிகள் சரசரவென்று ஓடத் தொடங்கின.

"நீ யார்?" ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"கம்ப்யூட்டர் பாஸ், சேர்." கைவேலைக்காரரை எல்லோரும் பாஸ் என்பார்கள், அந்தச் சொல் பல இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

"மகனுடைய கம்ப்யூட்டரா? நல்லது. உள்ளே இருப்பதை எங்களுக்கு ஒரு கொப்பி எடுத்துக்கொடு." சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவ் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "போடலாம் சேர். ஆனா பாருங்க, சிவப்பில் ஓடுவதெல்லாம் வைரஸ். பென் டிரைவில் பாய்ந்து ஏறிவிடும். நீங்கள் கொண்டுபோய் ஒபீஸில் செருகினால் அங்கே இருக்கும் எல்லா மெஷினும் படுத்துவிடும். பிறகு, எந்த பாஸ் போட்டுத் தந்தான் என்று என்னைத்தான் தேடுவீர்கள்."

அவர் திரையைப் பார்த்தார், பென் டிரைவைப் பார்த்தார். மற்றவர் சிரித்துவிட்டார். "வேண்டாம், போன மாதமும் இப்படித்தான் ஆனது" என்றார். பென் டிரைவ் சாவிக்கொத்துக்குத் திரும்பியது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு வைரஸுக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

ஆனால் எனக்கு உண்மையான பயம் டீச்சரைப் பற்றித்தான். மனதில் இருப்பதை அப்படியே முகத்தில் காட்டுகிறவர் அவர். அந்தப் பெயரைப் பார்த்துச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. வாய் திறந்தால் தீர்ந்தது.

டீச்சர் வாய் திறந்தார். விபூதித் தட்டு கீழே விழுந்து உருண்டது. "என்ர பிள்ளையைக் காட்டுங்கோ ஐயா! உயிரோட இல்லையெண்டாலும் பரவாயில்லை, எப்பிடியெண்டாலும் காட்டுங்கோ!" என்று அந்த மனிதரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் தெரியாத அவர்களுக்கும் அது விளங்கியது. சங்கடப்பட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

வாகனச் சத்தம் வளைவைத் தாண்டும்வரை டீச்சர் அழுதுகொண்டிருந்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். தரையில் சிந்திய விபூதியைக் கையால் கூட்டியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் பேர் என்னெண்டு வந்தது?"

"வைரஸ்தான் டீச்சர். பழைய பேரு எங்கயாவது கெடந்தா அதத் தூக்கிக்கிட்டு வரும்." அப்படி ஒரு வைரஸை நான் கண்டதில்லை.

வலைப்பின்னல் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. முன்பு சேந்தனும் பக்கத்து வீட்டுப் பையனும் கணினியில் விளையாடுவதற்காகத் தாங்களே இழுத்ததாம். இப்போது அந்தப் பையன் இராணுவத்தில், வடக்கே எங்கேயோ. அதனால் அந்தப் பக்கம் கணினியைத் தொட யாரும் இல்லை என்றார் டீச்சர். கேபிளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே இறங்கினேன்.

மூட்டம் வீட்டு மட்டத்துக்கு ஏறியிருந்தது. கேபிள் கொய்யா மரத்தைச் சுற்றி, கல் அணையின் ஓரமாக ஓடி, பக்கத்து வீட்டுப் பின்னறை ஜன்னலுக்குள் நுழைந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. குசினி வாசலில் அந்த வீட்டுச் சிங்கள அம்மா, நோனா என்போம், தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விதவை, தனியாக இருக்கிறவர். அவருக்குப் பின்னால் சுவரில் இராணுவச் சீருடையில் மகனின் படம். அந்தப் படம் தொங்கும் வீட்டை எந்த நாளும் யாரும் சோதனை போடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வைரஸ் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது நோனா. உங்கள் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்க்கவேண்டும்" என்றேன் சிங்களத்தில்.

"அபே கெதர கம்பியூட்டர் நெஹே, மாத்தயா." எங்கள் வீட்டில் கணினியே இல்லை என்று சொன்னவர் துருவுவதை நிறுத்தவில்லை. ஆனால் சிரட்டையில் தேங்காய் தீர்ந்துபோயிருந்தது. வெறும் சிரட்டையைத்தான் துருவிக்கொண்டிருந்தார்.

சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து, கொசு ரீங்காரம்போல அத்தனை மெல்லியதாக, டீச்சரின் தேவாரம் கேட்டது. முடிந்தது. இடைவெளி. "நல்லாயிருக்கு அம்மா" என்று பதிவில் அவன் குரல் தொடங்கும்போதே அணைத்துவிட்டார்கள். தன் குரலைக் கேட்க அவனுக்கு விருப்பமில்லைபோலும்.

நோனாவின் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. அவனுடைய தாய்க்கு ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. டீச்சரின் அழுகை உண்மையாக இருந்தவரைதான் அவன் பத்திரம். அந்த அழுகையைப் பார்த்துத்தான் தேடி வருகிறவர்கள் திரும்பிப் போனார்கள். அவனே அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு கல் அணைக்குக் கீழே இருந்துகொண்டு, தாய் தனக்காக அழுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆனால் அந்தப் பயலுக்குத் தன் பெயர் மேல் வீட்டுத் திரையில் வருவது தெரியாது. அடுத்த தடவை அதைப் பார்க்கிறவன் பாஸாக இருக்கமாட்டான். கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே நின்று, வாடிக்கையாளர் ஒருவரோடு பேசுவதுபோலத் தமிழில் உரக்கப் பேசினேன்.

"ஆமாங்க தம்பி, ஒங்க மெஷின்லதான் வைரஸ் இருக்கு. சீடி ஒண்ணு ஜன்னல்கிட்ட வச்சிட்டுப் போறேன், போட்டு சுத்தம் பண்ணுங்க. இன்னொண்ணு, சொந்தப் பேர்ல உள்ள வராதீங்க. அந்தப் பக்கம் ஒங்க பேரு அப்படியே தெரியுது. ஒரு தடவ வந்து பாட்ட ஒங்க பக்கமே கொப்பி பண்ணிக்கங்க, அப்புறம் வராதீங்க. ஆளுங்க வந்து பாத்துட்டுப் போறாங்க. வெளங்குதா?"

தொலைபேசியில் யாரும் இல்லை. ஜன்னலுக்குள்ளும் ஒரு அசைவில்லை. ஆனால் உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. சீடியை ஜன்னல் கட்டையில் வைத்தேன். நோனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேலே வந்தபோது டீச்சர் கணினி முன்னால் நின்றிருந்தார்.

"கேபிளக் கழட்டிறவா டீச்சர்? கழட்டினா வைரஸ் வராது."

"வேண்டாம், தம்பி. அது கிடக்கட்டும்." பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார். "அந்த வைரஸுக்கு என்ர குரல் கேக்குமோ?"

"கேக்குங்க டீச்சர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த மனிதரின் காலடியில் உட்கார்ந்தபோதே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாதவர் என்று மகனும் நினைத்தான், நானும் நினைத்தேன். இருவருமே அவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம்.

நான் எதையும் அழிக்கவில்லை. வைரஸை மட்டும் துடைத்துவிட்டுப் போனேன். அதன்பின் அந்த வைரஸ் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து டீச்சர் கூப்பிட்டார், கணினி மந்தமாக இருக்கிறது என்று. போனேன். மந்தம் ஒன்றுமில்லை. தேவாரக் கோப்பை நகர்த்திப் பார்க்கச் சொன்னார். தடங்கலே இல்லாமல் நகர்ந்தது. வராதே என்று நானே சொன்னதுதான், ஆனாலும் சந்தேகம் வந்தது. அவன் போய்விட்டானா, கொண்டுபோய்விட்டார்களா? டீச்சர் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் முகவரி எழுதிய துண்டை எடுத்து நீட்டினார். அதில் ஆள் பெயர் எதுவும் இல்லை.

"குளிர் ஊரொண்டாம். புதுசா ஒரு பாட்டுப் பதிஞ்சு வைச்சிருக்கிறன். இதுக்கு அனுப்பவேணும். இஞ்சயிருந்து அனுப்ப எனக்குப் பயமாக்கிடக்கு."

அவன் எப்படிப் போனான், யார் வழி சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டு லைனில் அனுப்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும். வீட்டில் இருப்பதை வெளியே கொண்டுவருவதில்லை என்ற வழக்கத்தை அன்றைக்கு மீறினேன். பாட்டைப் பென் டிரைவில் போட்டு, முகவரியை மனதில் பதித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாவடியில் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பென் டிரைவைத் தூக்கிப் பிடித்து, என்ன இருக்கிறது என்று கேட்டான். தெரியாது என்று சொல்லக்கூடாது என்பது நினைவில் இருந்தது.

"பக்திப் பாட்டு, மல்லி. ஓர் அம்மா மகனுக்குப் பாடினது." தம்பி என்பதற்கு அவர்கள் சொல் மல்லி.

அவன் என்ன நினைத்தானோ, அதைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்தான். "நல்ல மகன்" என்றான் சிங்களத்தில். அவனுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருந்திருப்பார்.

மறுநாள் டவுனுக்கு வந்த டீச்சர், குடையும் கைப்பையுமாகக் கடைக்குள் ஏறினார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அந்த நாளைய இணையம் உங்களுக்குத் தெரியாது, ஒரு பாட்டு போய்ச்சேர்வதற்குள் சோறு வெந்துவிடும். இரண்டு பேரும் திரையில் ஊரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் நின்றது. டீச்சர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். மறுபடி ஊர்ந்தது.

"போய்ச் சேர்ந்திட்டுதோ, தம்பி?"

"போய்ச் சேர்ந்திருச்சு டீச்சர்."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். பிறகு எழுந்து, கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை மெல்ல மெல்லக் கழற்றினார். கூந்தலைக் கொஞ்சம் கலைத்துவிட்டார், கண்ணைப் புறங்கையால் தேய்த்துச் சிவக்க வைத்தார். மகனின் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, வெளியே எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அப்ப வாறன். ஒபீஸ் திறந்திருப்பினம்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல அந்த வாரமும் மகனைத் தேடப் புறப்பட்டார்.